பென்சில் கரியிலிருந்து காற்றுச் சல்லடை வரை

(பழைய மாணவர், கெமிக்கல் என்ஜினீயரிங், 1975-80)

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர் இரண்டு மாதமாக விடாமல் போன் பண்ணிக்கொண்டிருந்தார். ஹாஸ்டல் மெஸ், வார்டன், ராகிங் எல்லாம் மற்ற நண்பர்கள் எழுதிவிடுவார்கள். அதிலெல்லாம் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் எங்கள் பேட்சிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் பெரும்பகுதி கரியோடுதான் போயிற்று. ஆகவே கரியைப் பற்றியே எழுதுகிறேன். அடுப்புக் கரி அல்ல, கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த கரி. அதைத் தகடாகவும் குழாயாகவும் சவ்வாகவும் செய்து, காற்றையும் நீரையும் எண்ணெயையும் பிரித்தெடுக்க மனிதர்கள் பட்ட பாட்டைச் சொல்லப் போகிறேன். இப்போது படிக்கிற தம்பி தங்கைகளும் படிக்க வேண்டும் என்பதால் கணக்கு அதிகம் கிடையாது. ஒன்றிரண்டு இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

கரிக்கு இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு என்பதை ஐரோப்பியர்கள் அளந்து எழுத ஆரம்பித்தது பதினெட்டாம் நூற்றாண்டில். 1773இல் ஸ்வீடனில் ஷீலே, கரியைச் சூடாக்கினால் அது வாயுவை வெளியே விடுகிறது, ஆறினால் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று கண்டார். 1785இல் ரஷ்யாவில் லோவிட்ஸ் என்ற மருந்தாளர், பழுப்பேறிய டார்டாரிக் அமிலக் கரைசலில் கரித்தூளைப் போட்டதும் நிறம் போய்விட்டதைக் கவனித்தார். அதைச் சர்க்கரை ஆலைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தில் ஈப்ரே போர்முனையில் ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட பிறகு, கரி திடீரென்று போர்த் தளவாடமாகிவிட்டது. முகமூடிக்குள் அடைக்கத் தேங்காய்ச் சிரட்டைக் கரிதான் மிக நல்லது என்று தெரிந்தது. அமெரிக்காவில் போதுமான சிரட்டை கிடைக்காததால் 1918இல் பீச் பழக் கொட்டைகளைச் சேர்த்துக் கொடுங்கள் என்று பொதுமக்களைக் கேட்டார்கள்.

இதெல்லாம் கரி "உறிஞ்சுகிற" கதை. நான் சொல்ல வந்தது வேறு. கரி "வழிவிடுகிற" கதை. இரண்டும் ஒன்றல்ல. உறிஞ்சுகிற கரி நிறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டும், அல்லது சூடாக்கிச் சுத்தம் பண்ண வேண்டும். வழிவிடுகிற கரி வாசல்காரன் மாதிரி. உன்னை விடுவேன், அவனை விட மாட்டேன் என்று நின்றுகொண்டே இருப்பான். அவனுக்கு வயிறு நிறைவது என்பதே கிடையாது. இந்த வாசல்காரனைத்தான் சவ்வு என்கிறோம்.

அந்தக் கதையின் முதல் ஆள் தாமஸ் கிரகாம். "வாயு விரவும் வேகம் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம்" என்று பி.யு.சி.யில் மனப்பாடம் பண்ணினோமே, அதே கிரகாம்தான். கிளாஸ்கோக்காரர். 1855இலிருந்து லண்டனில் அரசாங்க நாணயச் சாலையின் தலைவராக இருந்தார். பகலில் காசு அடிக்கிற இடத்தை மேற்பார்வை பார்த்துக்கொண்டு, தன் ஆராய்ச்சியையும் விடாமல் செய்துகொண்டிருந்த மனுஷர்.

1833இல் அவர் தன் விதியைக் கண்டபோது உபயோகித்தது பாரிஸ் சாந்துக் கட்டி. அதன் துளைகள் பெரியவை, சில சமயம் வாயு மொத்தமாக ஓடிவிடும். இன்னும் நெருக்கமான துளை வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் புரோக்கெடன் என்பவர் பென்சில் தொழிலுக்காக கிராஃபைட் தூளை மிகப் பெரிய அழுத்தத்தில் அமுக்கிக் கட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். கிரகாம் அந்தப் பென்சில் கட்டி ஒன்றை வாங்கி, அரை மில்லிமீட்டர் தகடாகத் தேய்த்து, கண்ணாடிக் குழாயின் வாயில் ஒட்டினார். 1863இல் அந்த முடிவுகளை ராயல் சொசைட்டியில் வெளியிட்டார். அழுத்திய கிராஃபைட்டின் துளைகள் அவ்வளவு சின்னவை, வாயு கூட்டமாகப் போக முடியாது, மூலக்கூறு ஒவ்வொன்றாகத்தான் நுழைந்து போக வேண்டும் என்பது அவர் கண்டது. ஹைட்ரஜன் ஆக்ஸிஜனைப் போல நாலு மடங்கு வேகத்தில் கடந்தது. விதி சுத்தமாகப் பொருந்தியது. எனக்குத் தெரிந்து வாயுவைப் பிரிக்க நுண்துளைக் கரிச் சவ்வை வைத்து முறையாக நடந்த ஆதி சோதனை இதுதான். நம் பாடப்புத்தகத்தில் விதி இருக்கிறது, பென்சில் இல்லை. அதே கட்டுரையில், புகையிலை பிடிக்கும் களிமண் சுங்கானின் தண்டைக் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்து, வெளியே வெற்றிடம் பண்ணி, கலவை வாயுவைத் தொடர்ச்சியாகப் பிரிக்கும் கருவியையும் செய்து காட்டினார். அட்மாலிசிஸ் என்று பெயர் வைத்தார். பெயர் நிலைக்கவில்லை.

இங்கே மாணவர்களுக்கு ஒரு கணக்கு. ஆக்ஸிஜனின் மூலக்கூறு எடை 32, நைட்ரஜனுடையது 28. கிரகாம் விதிப்படி இரண்டின் வேகத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்? ஏழு சதவீதம்தான். அதுவும் நைட்ரஜன்தான் முந்தும். ஹைட்ரஜனைப் பிரிக்கலாம், காற்றைப் பிரிப்பதற்கு இது உதவாது. கிரகாமுக்கும் அது தெரிந்திருந்தது. 1866இல் அவர் ரப்பர் சவ்வை எடுத்துக்கொண்டார். ரப்பர் வழியாக வெற்றிடத்துக்குள் இழுத்த காற்றில் 41.6 சதவீதம் ஆக்ஸிஜன் இருந்தது. அணையப் போகும் குச்சி அதில் மறுபடி பற்றிக்கொண்டது. இன்று பாலிமர் சவ்வில் நைட்ரஜன் எடுக்கிற தொழில் முழுக்க அந்த ரப்பர் பலூனின் பேரப்பிள்ளைதான். கரி பின்னால் தங்கிவிட்டது. ஏன்? வேகத்தை வைத்துப் பிரித்தால் போதாது, உருவத்தை வைத்துப் பிரிக்க வேண்டும். ஆக்ஸிஜனின் விட்டம் 0.346 நானோமீட்டர், நைட்ரஜனுடையது 0.364. வித்தியாசம் 0.018. ஒரு நானோமீட்டர் என்றால் மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதில் ஐம்பத்தைந்தில் ஒரு பங்கு! இந்தத் துல்லியத்தில் கரியில் வாசல் அமையும் என்று யாராவது கனவு கண்டிருந்தால் அவரைப் பைத்தியம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அப்படி வாசல் ஏற்கெனவே கரியில் இருக்கிறது என்று அளந்து காட்டியவர் ஒரு பெண். பெயரைச் சொன்னால் பலரும் வேறு விஷயத்துக்காகத் தெரிந்துவைத்திருப்பார்கள். ரோசலிண்ட் பிராங்க்ளின். டி.என்.ஏ. எக்ஸ்ரே படம் எடுத்தவர். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் கரியை ஒரு பாராவில் தாண்டிவிடுவார்கள். நான் அப்படித் தாண்டப் போவதில்லை.

1942. லண்டனில் குண்டுவீச்சுக் காலம். கேம்பிரிட்ஜ் முடித்த 22 வயதுப் பெண், கிங்ஸ்டனில் இருந்த பிரிட்டிஷ் நிலக்கரிப் பயன்பாட்டு ஆராய்ச்சிக் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை நேரம் போக, விமானத் தாக்குதல் கண்காணிப்புத் தொண்டராகவும் இருந்தார். கொடுத்த வேலை கேட்பதற்குச் சப்பென்றிருக்கும்: நிலக்கரியின் அடர்த்தியை அளக்க வேண்டும். நம் லேபில் முதல் வருஷப் பையனுக்குக் கொடுக்கிற எக்ஸ்பெரிமெண்ட். எடையைப் பார், எவ்வளவு திரவத்தை இடம்பெயர்க்கிறது என்று பார், வகு, ரிக்கார்டு நோட்டில் எழு, கையெழுத்து வாங்கு.

ஆனால் ஒரே கரிக்கு ஒரே அடர்த்தி வரவில்லை. ஹீலியத்தில் அளந்தால் ஒன்று, மெத்தனாலில் அளந்தால் ஒன்று, ஹெக்ஸேனில் வேறு, பென்சீனில் வேறு. நம்மில் பலரும் இந்த இடத்தில் என்ன செய்திருப்போம் என்று எனக்குத் தெரியும். சராசரி எடுத்து, பிழை சதவீதம் போட்டு, அடுத்த வேலைக்குப் போயிருப்போம். பிராங்க்ளின் அந்த வித்தியாசத்தையே பதிலாக எடுத்துக்கொண்டார். ஹீலியம் சின்னது, எல்லாச் சந்திலும் நுழைகிறது. பெரிய மூலக்கூறுகள் வாசலிலேயே நின்றுவிடுகின்றன. அப்படியானால் கரிக்குள் இடம் நிறைய இருக்கிறது, ஆனால் வாசல் குறுகல். வெவ்வேறு பருமனுள்ள மூலக்கூறுகளையே அளவுகோலாக வைத்து வாசலின் அகலத்தை அளந்துவிட்டார்! கரியைச் சூடாக்க ஆரம்பித்தால், வெப்பம் ஏற ஏற வாசல்கள் மேலும் ஒடுங்குகின்றன. ஒரு கட்டத்தில் சின்ன மூலக்கூறுக்கும் கதவு அடைபடுகிறது. உள்ளே அறை அப்படியே இருக்கிறது, வாசல்தான் மூடிக்கொள்கிறது. கரிச் சவ்வு செய்கிற தொழிலின் அஸ்திவாரமே இந்த வாக்கியம்தான். சூட்டைத் திருகினால் வாசலைத் திருகலாம். இந்த வேலைக்கு 1945இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1947இல் பாரிஸ் போனார். அங்கே ஜாக் மேரிங் என்பவரிடம் எக்ஸ்ரே வேலை கற்றுக்கொண்டு, கரிகளை இரண்டு ஜாதியாகப் பிரித்தார். 1951இல் வெளியான கட்டுரை அது. ஒரு ஜாதிக் கரியைச் சூடாக்கினால் அடுக்கடுக்காக ஒழுங்காகி கிராஃபைட் ஆகிவிடும். இன்னொரு ஜாதி 3000 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினாலும் ஆகவே ஆகாது. அதன் துணுக்குகள் ஆரம்பத்திலேயே ஒன்றையொன்று குறுக்கே கட்டிப் பிடித்துக்கொள்வதால் நகர முடியாமல், இடையில் சந்து பொந்துகளோடு இறுகிவிடுகின்றன. பி.வி.சி. பிளாஸ்டிக்கைக் கரியாக்கினால் முதல் ஜாதி. அதில் இன்னொரு குளோரின் கூடுதலாக இருக்கும் பாலிவினைலிடின் குளோரைடைக் கரியாக்கினால் இரண்டாம் ஜாதி. அமெரிக்காவில் சமையலறையில் சாப்பாடு சுற்ற உபயோகித்த சாரன் தாள் இந்தப் பொருள்தான். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும். 1954இல் கனடாவில் டேசி, தாமஸ் என்ற இருவர் இந்தச் சாரன் கரி மூலக்கூறுகளை உருவம் பார்த்து அனுமதிக்கிறது என்று காட்டினார்கள். பிராங்க்ளின் 1958இல் 37 வயதில் இறந்துபோனார். லண்டனில் வில்ஸ்டன் கல்லறையில் அவர் கல்லில் வைரஸ் ஆராய்ச்சியைப் பற்றி எழுதியிருக்கிறது. கரியைப் பற்றி ஒன்றும் இல்லை. டி.என்.ஏ. பற்றியும்தான் இல்லை.

இனி என் சொந்தத் தொழில். 1970களில் ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்துச் சுரங்க ஆராய்ச்சி நிறுவனத்தில், பெர்க்பாவ் ஃபோர்ஷூங் என்று பெயர், யுன்ட்கன் குழுவினர் நிலக்கரியிலிருந்து மூலக்கூறுச் சல்லடை மணிகள் செய்தார்கள். இந்த மணிகளை ஒரு தொட்டியில் நிரப்பிக் காற்றை ஏழெட்டு பார் அழுத்தத்தில் தள்ளினால், ஆக்ஸிஜன் சட்டென்று துளைக்குள் நுழைந்துவிடும். நைட்ரஜனும் கடைசியில் நுழையும்தான், ஆனால் நேரமாகும். அது நுழைவதற்குள் வாயைத் திறந்து நைட்ரஜனை வெளியே எடுத்துவிட வேண்டும். ஒரு நிமிஷம் போல. பிறகு அழுத்தத்தை இறக்கினால் உள்ளே போன ஆக்ஸிஜன் வெளியேறிவிடும். இரண்டு தொட்டி, ஒன்று வேலை பார்க்க ஒன்று மூச்சு விட. வால்வுகள் டப் டப் என்று அடித்துக்கொண்டே இருக்கும். சிப்ஸ் பாக்கெட்டை ஊத வைக்கிற நைட்ரஜனிலிருந்து ஹீட் ட்ரீட்மென்ட் உலை வரைக்கும் இந்த டப் டப்தான். அந்த 0.018 நானோமீட்டர் வித்தியாசத்தை வைத்துக்கொண்டுதான் நான் பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணினேன், வீடு கட்டினேன்.

காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் போனவர்களுக்குத் தொட்டிக்கரி என்றால் தெரியும். தேங்காய்த் தொட்டியைக் குழியில் போட்டுச் சுட்டு, தண்ணீர் ஊற்றி அணைத்து எடுக்கிற கரி. அங்கிருந்து போவதுதான் உலகத்துத் தண்ணீர் வடிகட்டிகளில் பலவற்றுக்குள் இருக்கும் ஆக்டிவேட்டட் கார்பன். உங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷினிலும் சவ்வுக்கு முன்னால் ஒரு கரிக் குழல் இருக்கிறது. குளோரின் பட்டால் அந்த பாலிஅமைடு சவ்வு கெட்டுப்போகும் என்பதால் கரி முன்னே நின்று வாங்கிக்கொள்கிறது. ஆனால் அணைத்த தண்ணீர் நிலத்தில் இறங்கிக் கிணற்று நீரைக் கறுப்பாக்கி நாற வைக்கிறது என்று அந்த ஊர் ஜனங்கள் பல வருஷமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். உலகத்துத் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற பொருள், செய்கிற ஊரின் தண்ணீரைக் கெடுப்பதா? நம் கெமிக்கல் டிபார்ட்மெண்ட் பிள்ளைகள் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்புத் தேடி அலைய வேண்டியதே இல்லை.

2021 மே மாதம் வருகிறேன். யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. எங்கள் பேட்சில் இருவரை அந்த மாதம் இழந்தோம். இந்த மலரின் அஞ்சலிப் பக்கத்தில் படம் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் பம்பாய் ஐ.ஐ.டி.யில், நைட்ரஜன் பிளாண்ட்டையே ஆக்ஸிஜன் பிளாண்டாக மாற்றிக் காட்டிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. கரி மணிகளை எடுத்துவிட்டு ஜியோலைட் மணிகளைப் போட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். கரி ஆக்ஸிஜனை உள்ளே வைத்துக்கொண்டு நைட்ரஜனைக் கொடுக்கும். ஜியோலைட் நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிஜனைக் கொடுக்கும். அடுத்த வாரமே எனக்கும் போன் வந்தது. கோவைப் பக்கம் ஒரு தின்பண்ட ஆலை, சின்ன நைட்ரஜன் பிளாண்ட், பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஆக்ஸிஜன் இல்லை. ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்திருந்தவன் ஈ-பாஸ் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

"ஏனுங்க சார், கறுப்பைக் கொட்டிட்டு வெள்ளையைப் போட்டாப் போதுமுங்களா?" என்று ஆலை சூப்பர்வைசர் கேட்டார்.

"போதும்தான். ஆனா அதுக்கு முந்தி நூறு வேலை இருக்கு" என்றேன்.

ஆக்ஸிஜன் போகும் குழாயில் ஒரு சொட்டு எண்ணெய் இருந்தாலும் தீப்பிடிக்கும். குழாய், வால்வு எல்லாவற்றையும் கழற்றிக் கழுவவே இரண்டு நாள். கம்ப்ரஸரிலிருந்து வரும் எண்ணெய் ஆவியைப் பிடிக்க மறுபடி ஒரு கரி ஃபில்டர். ஜியோலைட்டுக்கு ஈரம் ஆகாது, ஆகவே டிரையரைச் சரி பார்க்க வேண்டும். வால்வுகளின் நேரத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, 88, 91 என்று ஏறி, ஐந்தாம் நாள் விடியற்காலை 93 சதவீதம் காட்டியது. மணிக்குப் பத்து கன மீட்டர். நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் வீதம் பதினாறு பேருக்கு. ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அது மூலைக்குக் காணாது. அந்தப் பதினாறு பேருக்குக் காணும்.

தொட்டியை மாற்றிக்கொண்டிருந்தபோது என் மனதில் ஓடியது இதுதான். நாம் கொட்டிக்கொண்டிருக்கிற இந்தக் கறுப்பு மணிக்கு ஆக்ஸிஜன்தான் இஷ்டம். முதலில் உள்ளே போவதே ஆக்ஸிஜன்தான். மணியாக இருப்பதால் போன ஆக்ஸிஜன் உள்ளேயே மாட்டிக்கொண்டு, வெளியே வரும்போது மற்றதோடு கலந்து வருகிறது. அதே கரி சவ்வாக இருந்தால்? மறுபக்கம் வருவதே ஆக்ஸிஜன். தொட்டி வேண்டாம், டப் டப் வேண்டாம், மாற்றவே வேண்டாம்.

அந்தச் சவ்வைச் செய்ய முயலாமலும் இல்லை. 1983இல் இஸ்ரேலில் கோரேஷ், சோஃபர் இருவரும் செல்லுலோஸ் குழல் இழைகளைக் காற்றுப் படாமல் சுட்டு, விரிசல் இல்லாத கரிக் குழலாக்கினார்கள். இழை பருத்திச் சாதிப் பொருள், உள்ளே வெற்றுக் குழல். லேசாக ஆக்ஸிஜன் காட்டினால் துளை அகலும், சூடு கூட்டினால் ஒடுங்கும். பிராங்க்ளின் சொன்ன அதே திருகாணி. கடினமான பகுதி துளை போடுவது அல்ல என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கரி தானாகவே துளை போட்டுக்கொள்ளும். வேண்டாத துளை ஒன்றுகூட இல்லாமல் பார்ப்பதுதான் கஷ்டம். லட்சம் வாசலில் காவல் போட்டுவிட்டு ஒரு சுவரில் ஓட்டை விட்டால் எல்லோரும் அந்த வழியாகத்தான் போவார்கள். இஸ்ரேலிலும் பின்னர் நார்வேயிலும் கம்பெனி தொடங்கிப் பார்த்தார்கள். இரண்டும் நிலைக்கவில்லை.

1993இல் அமெரிக்காவில் ஏர் புராடக்ட்ஸ் கம்பெனியின் எம்.பி. ராவ், சிவாஜி சிர்கார் இருவரும் ஒரு வேடிக்கையான சவ்வு செய்தார்கள். மூலப்பொருள் நான் ஞாபகம் வைக்கச் சொன்ன அதே பாலிவினைலிடின் குளோரைடு. அதை ஒரு கிராஃபைட் வில்லையின் மேல் பூசிக் கரியாக்கினார்கள். துளை அரை நானோமீட்டரைவிடக் கொஞ்சம் பெரிசு. ரிஃபைனரிக் கழிவு வாயுவில் ஹைட்ரஜனும் பெரிய ஹைட்ரோகார்பன்களும் கலந்திருக்கும். சல்லடை என்றால் சின்ன ஹைட்ரஜன் விழ வேண்டும், பெரியது மேலே நிற்க வேண்டும். இங்கே தலைகீழ். பெரிய மூலக்கூறுகள் கரிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, நகர்ந்து நகர்ந்து மறுபக்கம் போய்விடுகின்றன. அவை துளையை அடைத்துக்கொண்டிருப்பதால் ஹைட்ரஜன் நுழைய முடியாமல் அழுத்தத்தோடு இந்தப் பக்கமே நிற்கிறது. நம் காலத்து டவுன் பஸ் ஃபுட்போர்டு ஞாபகம் வருகிறதா? படியில் தொற்றியவன் ஊர் போய்ச் சேருவான், கீழே நிற்கிற ஒல்லிப் பையன் ஏறவே முடியாது. நன்னூலில் கடைத்தர மாணாக்கனுக்கு உவமை சொல்லப்பட்ட நெய்யரி இருக்கிறதே, அதாவது ஹாஸ்டலில் நாம் தினமும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்ட பன்னாடை, அது நெய்யை விட்டுவிட்டுக் கசடை வைத்துக்கொள்ளும். ராவும் சிர்காரும் செய்தது கசடை விட்டுவிட்டு நெய்யை வைத்துக்கொள்ளும் பன்னாடை.

1999இல் டெலவேர் பல்கலைக்கழகத்தில் ஷிஃப்லெட், ஃபோலி இருவரும் பர்ஃப்யூரில் ஆல்கஹால் பிசினை அல்ட்ராசானிக் முனையால் பனித்துளி போல எஃகுக் குழாயின் மேல் தூவி, சுட்டு, மறுபடி தூவி, மறுபடி சுட்டார்கள். ஆக்ஸிஜனுக்கும் நைட்ரஜனுக்கும் 30க்கு 1 வரை பிரித்துக் காட்டினார்கள். கிரகாமின் ரப்பருக்கு அது மூன்றைக்கூடத் தொடவில்லை. முப்பது என்றால், மறுபக்கம் நல்ல வெற்றிடம் வைத்தால் காற்றிலிருந்து ஒரே தாண்டலில் 85 சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜன் வர வேண்டும். பேப்பரும் பென்சிலும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். அந்த பர்ஃப்யூரில் ஆல்கஹால் எதிலிருந்து வருகிறது தெரியுமா? மக்காச்சோளத் தக்கையும் கரும்புச் சக்கையும்.

அப்புறம் 2000களில் நானோக் குழாய், கிராஃபீன் என்று பெரிய திருவிழா நடந்தது. 2004இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்து அஞ்சல் ஸ்ரீவத்சவாவும் அமெரிக்காவில் அஜயனும் மற்றவர்களும் சேர்ந்து கார்பன் நானோக் குழாய்களால் ஆன வடிகட்டி உருளை செய்து, ஈ. கோலி பாக்டீரியாவையும் போலியோ வைரஸையும் நீரிலிருந்து நிறுத்திக் காட்டினார்கள். 2006இல் கலிபோர்னியாவில் லிவர்மோர் ஆய்வகத்தார், இரண்டு நானோமீட்டருக்கும் குறைந்த குழாய்களில் நீர் கணக்குக்கு ஆயிரம் மடங்கு மேலே வேகமாக ஓடுகிறது என்றார்கள். 2012இல் மான்செஸ்டரில் ராகுல் நாயர், கைம் குழுவினரின் கிராஃபீன் ஆக்சைடு சவ்வு ஹீலியத்தையே தடுத்து, நீராவியை மட்டும் தாராளமாக விட்டது. விளையாட்டுக்காக வோட்கா பாட்டிலை அந்தச் சவ்வால் மூடி வைத்தார்களாம். தண்ணீர் மட்டும் போய்ப் போய் சரக்கு நாளுக்கு நாள் காரமேறியதாம். கெட்டிக்கார வேலைதான், மறுக்கவில்லை. ஆனாலும் விரல்நகம் அகலத்துச் சவ்வுக்கும் பிளாண்டுக்கும் உள்ள தூரம் என்னைப் போன்ற பிளாண்ட் ஆசாமிக்குத் தெரியும். சதுர மீட்டர் கணக்கில், ஒரு விரிசல் இல்லாமல், வருஷக் கணக்கில் ஓட வேண்டும்.

எனக்கு அதிக நம்பிக்கை தந்தது 2016இல் வந்த ஒரு வேலை. ஜார்ஜியா டெக்கில் ரயன் லைவ்லி குழுவினர், எக்ஸான்மொபில் கம்பெனியோடு சேர்ந்து, பிளாஸ்டிக் குழல் இழையைக் கட்டுறுதிப்படுத்திச் சுட்டுக் கரியாக்கி, பாரா சைலீனையும் ஆர்த்தோ சைலீனையும் அறை வெப்பத்தில், திரவமாகவே, அழுத்தம் மட்டும் கொடுத்துப் பிரித்தார்கள். உப்புநீருக்கு ஆர்.ஓ. மாதிரி, எண்ணெய்க்கு ஆர்.ஓ. இரண்டு சைலீனுக்கும் ஃபார்முலா ஒன்றே, ஒரு கை எங்கே நீட்டியிருக்கிறது என்பதுதான் வித்தியாசம். பருமனில் ஒரு ஆங்ஸ்ட்ராம். பாரா சைலீனிலிருந்துதான் பாலியெஸ்டர் வருகிறது, நீங்கள் போட்டிருக்கும் சட்டை வருகிறது. இந்த மாதிரிப் பிரிப்புகளுக்கு, காய்ச்சி வடிக்கும் கோபுரங்களும் உலர்த்தும் உலைகளும் சேர்ந்து, உலகம் செலவழிக்கும் எரிசக்தியில் பத்துப் பதினைந்து சதவீதம் போகிறது என்று அதே வருஷம் ஷோலும் லைவ்லியும் நேச்சர் இதழில் எழுதினார்கள். நாம் டிஸ்டிலேஷன் காலத்துக்கு மெக்கேப்-தீல் படம் போட்டுப் படி எண்ணினோமே, ஒவ்வொரு படிக்கும் கீழே எரிகிறது நெருப்பு.

முடியாத வேலைகளையும் சொல்லிவிட வேண்டும். கரி இழை கண்ணாடி மாதிரி. கொஞ்சம் முரடாகப் பிடித்தால் ஒடிந்துவிடும். புதிதாகச் செய்த சவ்வு நாளாக ஆக மந்தமாகிவிடும். காற்றிலிருக்கும் ஆக்ஸிஜன் துளையின் ஓரங்களில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்கிறது, ஈரமும் உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. நம் ஊர் ஐப்பசி மழைக் காற்றில் அதை ஓட்டிப் பார்த்தவர் யாரும் என் கண்ணில் படவில்லை. பாலிமர் இழை மலிவு, வளையும், ஆகவே சந்தை அதன் பக்கம். கரி ஜெயிக்க வேண்டுமானால் பாலிமர் கரைந்துபோகிற இடத்திலும் வெந்துபோகிற இடத்திலும்தான் ஜெயிக்கும் என்பது என் அபிப்பிராயம். இதற்கு மாறான அபிப்பிராயம் உள்ள பேராசிரியர்கள் நம் டிபார்ட்மெண்டிலேயே இருக்கிறார்கள். கூட்டத்தன்று டீ இடைவேளையில் வாதாடிக்கொள்ளலாம்.

2021இல் அந்த ஆலையில் எடுத்த கறுப்பு மணிகளில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய என் வீட்டில் இருக்கிறது. ஈரம் படாமல் மெழுகு வைத்து மூடியிருக்கிறேன். மூன்றாம் வருஷ லேபுக்கு வேண்டுமானால் ரீயூனியனுக்கு வரும்போது கொண்டு வருகிறேன். ஹீலியம் சிலிண்டர் மட்டும் டிபார்ட்மெண்ட் பார்த்துக்கொள்ள வேண்டும். மெத்தனாலும் ஹெக்ஸேனும் ஸ்டோர்ஸில் எப்போதும் இருக்கும்.